ஃபார்மசிக்கு வாங்கிய கணக்குப் புத்தகம்

காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதையில் புத்தகக் கடை வைத்திருந்தவர் என்னைப் பார்த்ததும், "தம்பிக்கா, தங்கச்சிக்கா?" என்று கேட்டார். நுழைவுத் தேர்வுக்குப் புத்தகம் வேண்டும் என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். இடுப்பில் மூன்று வயது மகள், தோளில் அவளுடைய தண்ணீர் பாட்டில், கையில் நான்கு பக்கப் பட்டியல். இப்படி வந்து நிற்கிறவள் தனக்காகக் கேட்கிறாள் என்று யாருக்குத் தோன்றும்?

"தங்கச்சிக்கு" என்றேன். எனக்குத் தங்கச்சி கிடையாது.

அந்தப் பட்டியலை மூன்று வாரமாகத் தயாரித்திருந்தேன். மகள் மதியம் தூங்கும்போது ஃபோனில் வீடியோ பார்ப்பேன். முந்தைய வருடம் நல்ல ரேங்க் வாங்கிய பையன் ஒருவன், ஒரு புத்தகத்தைக் காட்டி இதைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள் என்பான். அடுத்த வீடியோவில் ஒரு பெண், அந்தப் புத்தகத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள் என்பாள். இரண்டையும் எழுதிக்கொள்வேன். மறுநாள் ஒன்றை அடிப்பேன். அதற்கடுத்த நாள், அடித்ததைத் திரும்ப எழுதுவேன். எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பேன். கடைக்குக் கிளம்பிய அன்று பட்டியலில் புத்தகங்களைவிடக் கேள்விக்குறிகள் அதிகம் இருந்தன.

கடைக்காரர் பட்டியலை வாங்கிப் பார்க்கவே இல்லை. "மெடிக்கலா, எஞ்சினியரிங்கா?" என்றார்.

"ஃபார்மசி."

அவர் பக்கத்துக் கடைக்காரரை வங்காளத்தில் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். "ஓ தாதா! ஃபார்மசிக்கு என்ன குடுக்கறது?"

மண் குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்த அந்த ஆள் திரும்பாமலே சொன்னார். "எஞ்சினியரிங் பசங்க எழுதற அதே பரீட்சைதான். அந்த செட்டையே குடேன்."

சணல் கயிற்றால் கட்டிய மூன்று தடித்த புத்தகங்கள் என் முன்னால் வந்தன. இயற்பியல், வேதியியல், கணக்கு. பிளஸ் டூவில் கணக்கு இல்லாத அறிவியல் பிரிவை நான் எடுத்ததே கணக்கிலிருந்து தப்பிக்கத்தான். பிறகு விலங்கியலில் பட்டம் வாங்கினேன். கணக்குப் புத்தகத்தைக் கடைசியாகத் திறந்தது பத்தாம் வகுப்பில்.

"கணக்கு இல்லாம மத்த ரெண்டையும் தருவீங்களா?"

"செட்டைப் பிரிச்சா மீதிய யாரு வாங்குவா, தீதி? தங்கச்சிய ஒரு வார்த்தை கேட்டுக்கங்களேன்."

தங்கச்சியிடம் கேட்பதுபோல் ஃபோனை எடுத்து என் கணவரை அழைத்தேன். அவருக்கு மத்திய அரசு வேலை. கிடர்பூர் துறைமுகத்துப் பக்கம் ஆபீஸ். தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி நாங்கள் இங்கே வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஃபோனில் லாரிகளின் ஹார்ன் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

"எங்க நிக்க?"

"காலேஜ் ஸ்ட்ரீட்ல. கணக்கும் சேர்த்து செட்டாத்தான் தருவாராம். வாங்கவா, வேண்டாமா?"

"ஒனக்கு எது சரின்னு படுதோ அதையே வாங்கு புள்ள. இதுல நான் என்னத்தக் கண்டேன்?"

அவர் நல்ல மனிதர். படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது ஏன் எதற்கென்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஃப்ரிட்ஜ் வாங்கும்போதும், மகளுக்கு மழலையர் பள்ளி பார்த்தபோதும் இதையேதான் சொன்னார். அவர் அப்படிச் சொல்லி ஃபோனை வைத்த பிறகு நான் மட்டும் அந்தப் பொருளின் முன்னால் நின்றுகொண்டிருப்பேன். அன்றும் நின்றேன். வானம் இருட்டியது. கடைக்காரர்கள் புத்தகங்களின் மேல் பாலிதீன் விரிப்புகளை இழுத்துவிடத் தொடங்கினார்கள். மகள் தண்ணீர் கேட்டாள். செட்டை வாங்கிக்கொண்டு சியால்தா ரயில் நிலையத்தை நோக்கி நடந்தேன்.

ஏன் ஃபார்மசி என்று சொல்ல வேண்டும். என் மகளுக்கு அடிக்கடி சளி பிடித்து இளைப்பு வரும். டாக்குரியாவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக் கடை இருக்கிறது. கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருப்பார். மருந்து எடுத்துக் கொடுப்பது ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண். முறையாகப் படித்த ஃபார்மசிஸ்ட். நான் அவரை அக்கா முறையில் தீதி என்பேன். ஒருமுறை டாக்டர் எழுதிக்கொடுத்த காய்ச்சல் மருந்தை வாங்கப் போனேன். முந்தைய மாதம் வாங்கிய சளி மருந்து வீட்டில் பாதி இருந்தது. அதையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்பதற்காகப் புட்டியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். தீதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் புட்டியின் பொடி எழுத்தைப் படித்தார்.

"ரெண்டையும் சேர்த்துக் குடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல."

"பொழச்சோம். இந்தச் சளி மருந்துக்குள்ளயும் அதே காய்ச்சல் மருந்துதான் இருக்கு. ரெண்டும் குடுத்தா ரெட்டைப் பங்கு போயிடும். ஒண்ணு போதும்." அவ்வளவுதான். அதற்குள் அடுத்தவருக்கு ஊசி எடுக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பொடி எழுத்தைப் பலமுறை படித்தேன். எல்லாம் அங்கேயே அச்சிட்டிருந்தது. என் கையில் ஒரு மாதமாக இருந்தது. படிக்கத் தெரிந்த எனக்கு அதைப் படிக்க வேண்டும் என்று தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை அன்றைக்கு வந்தது. தமிழ்நாடு என்றால் இந்தப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் கொடுத்துவிடுவார்கள். இங்கே ஒரு பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 'ஜாயின்ட்' என்பார்கள். ஒரே ஒரு முறை எழுதிப் பார்ப்பது, கிடைக்காவிட்டால் அந்த நினைப்பையே விட்டுவிடுவது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். அடுத்த வருடம் மகள் பெரிய பள்ளிக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு எனக்குத் துணிச்சல் இருக்காது என்று தெரியும்.

இதை நான் தீதியிடம் சொல்லவில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை அவர் முன்னால் நிற்பேன். நாக்கு நுனி வரை வரும். தேறாவிட்டால் அதன் பிறகும் அதே பத்து நாளைக்கு ஒருமுறை அதே முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று நினைத்துப் பேசாமல் மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

கணக்கிலிருந்துதான் தொடங்கினேன். மற்ற இரண்டும் ஒருகாலத்தில் படித்தவை, தூசி தட்டினால் வந்துவிடும், தெரியாததை முதலில் முடிப்போம் என்பது என் திட்டம். மகளைக் காலை ஒன்பது மணிக்குப் பள்ளியில் விட்டால் பன்னிரண்டுக்கு அழைத்து வர வேண்டும். அந்த மூன்று மணி நேரமும் கணக்குக்கே போனது. முதல் மாதம் ஒன்றும் புரியவில்லை. ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்ள ஒன்பதாம் வகுப்புக் கணக்கை ஃபோனில் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. துர்கா பூஜைக்குத் தெரு ஜனமே வெளியில் இருந்தது. நாலு நாளும் மேளச் சத்தம் எங்கள் ஜன்னல் கம்பியில் அதிர்ந்தது. கணவருக்கு அந்த வாரம் ஆபீஸில் முறை வேலை. நான் மகளுக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டு ஒரு பந்தலைக் காட்டிக் கூட்டி வந்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு முக்கோணவியல் போட்டேன்.

ஊரிலிருந்து அம்மா தினமும் கூப்பிடுவாள்.

"ஏட்டி, புள்ளைக்குச் சளி எப்படி இருக்கு?"

"பரவால்லம்மா."

"அங்க பேச்சுத் துணைக்கு ஆரும் உண்டா?"

"உண்டும்மா."

"பொழுது போவுதா?"

"போவுதும்மா."

அம்மாவுக்கும் தெரியாது. மாமியாருக்கும் தெரியாது. கணவருக்குத் தெரியும். ஆனால் அவர் வீடு திரும்பும் நேரத்தில் நான் என்ன படித்தேன் என்று சொல்லத் தொடங்கினால் அவர் கண் சொருகிவிடும்.

டிசம்பரில் வகைநுண்கணிதம் கொஞ்சம் பிடிபட்டது. ஒருநாள் பதினாலு வரி எழுதி ஒரு கணக்கை முடித்துவிட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடையைப் பார்த்தேன். சரியாக இருந்தது. மறுபடி பார்த்தேன். வேறொரு கணக்கின் விடையைப் பார்த்துவிட்டேனோ என்று எண்ணைச் சரிபார்த்தேன். அதேதான். நிமிர்ந்தால் எதிரே உலர்த்திய துணிகள்தான் இருந்தன. அன்று பள்ளியிலிருந்து வந்த மகளிடம், "அம்மா ஒரு கணக்குப் போட்டேன்" என்று சொல்லிக் கை தட்டினேன். நான் தட்டுகிறேன் என்று அவளும் தட்டினாள்.

நாலு மாதம் இப்படிப் போனது. இயற்பியலும் வேதியியலும் சணல் கயிறு பதிந்த தடம் மாறாமல் அலமாரியில் இருந்தன.

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை நவராத்திரியில் வரும். அதை அக்டோபரிலேயே முடித்திருந்தேன். இங்கே குளிர் குறையும்போது இன்னொன்று வரும். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கார்களை வெளியே எடுத்துவிட்டுச் சின்னதாக ஒரு சிலை வைப்பார்கள். மகளுக்கு மூன்று வயதாகிவிட்டது, அன்றைக்கே 'ஹாதே கோரி' செய்துவிடு, புரோகிதரே கைபிடித்துச் சிலேட்டில் முதல் எழுத்து எழுதவைப்பார் என்று மாடி வீட்டு பௌதி வற்புறுத்திச் சொல்லியிருந்தார். குடியிருப்புச் செயலாளரின் மனைவி அவர்; எல்லோருக்கும் பௌதி, அதாவது அண்ணி. எந்த வேலையையும் சத்தமாகத்தான் செய்வார்.

"புத்தகமும் கொண்டு வா. எது பயமா இருக்கோ அதைத்தான் அம்மா காலடியில வைக்கணும். என் பையன் அஞ்சு வருஷமா பூகோளத்தையே வைக்கிறான்."

மகளின் படப் புத்தகத்தை எடுத்தேன். அதற்கு அடியில் கணக்குப் புத்தகத்தையும் வைத்து, இரண்டும் ஒன்றுபோல் தெரியும்படி மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். புத்தகக் குவியலில் மெதுவாக நுழைத்துவிட்டு வந்து நின்றுகொண்டேன். மகள் புரோகிதரின் மடியில் உட்கார்ந்து, அழலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதி முடித்ததும் சாக்பீஸைத் தின்னப் பார்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பூஜைக்கு வைத்த புத்தகங்களை மறுநாள்தான் தருவார்கள். மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு ஒட்டுவது வழக்கம். இது எனக்குத் தெரியாது. பௌதி குவியலின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாகத் தூக்கிக் காட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார். என் துணியையும் பிரித்தார்.

"இந்தப் படப் புத்தகம் பாப்பாவோடது. இது என்ன? ஜாயின்ட் கணக்கு! யாரோடது இது?"

நான் குனிந்து மகளின் வாயோரத்துச் சாக்பீஸைத் துடைத்தேன்.

"துணி உன்னோடதுதானே? பாப்பாவுக்கு இப்பவே ஜாயின்டா?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் முன்னே வந்தார். மஞ்சள் சேலையும் தலையில் பூவுமாக இருந்ததால் மருந்துக் கடை தீதி என்று தெரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பக்கத்துக் கட்டிடத்தில்தான் குடியிருக்கிறாராம். அதுகூட எனக்குத் தெரியாது.

"உனக்கா?" என்றார். உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"ஆமா."

"எஞ்சினியரிங்கா படிக்கப் போறே?"

"இல்ல தீதி. ஃபார்மசி."

"ஏ மா! ஃபார்மசிக்கு எதுக்குக் கணக்கு?"

நான் புரியாமல் பார்த்தேன்.

"அந்தப் பரீட்சையில ரெண்டு தாள். முதல் தாள் கணக்கு. ரெண்டாவது இயற்பியல், வேதியியல். ஃபார்மசி ரேங்குக்கு ரெண்டாவது மட்டும்தான் பாப்பாங்க. ஒண்ணு ரெண்டு இடத்துக்கு வேற மாதிரி இருக்கலாம். மத்த எல்லாத்துக்கும் அதுதான். என் அண்ணன் பொண்ணு போன வருஷம் கணக்கு எழுதவே போகலை. மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போனா. எத்தனை நாளா இதைப் படிக்கறே?"

"செப்டம்பர் கடைசிலேர்ந்து."

தீதி பௌதியைப் பார்த்தார். பௌதி சீட்டில் என் பெயரை எழுதுவதை நிறுத்தியிருந்தார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"பத்து நாளைக்கு ஒருதரம் கடைக்கு வரே. ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா, பொண்ணே? உன் வாயில நானா மருந்து ஊத்திவிட்டேன் பேசாம இருக்க?"

அன்று முழுக்கப் படிக்கக் கூடாது. எங்கள் ஊர் வழக்கமும் அதுதான், இவர்கள் வழக்கமும் அதுதான். நல்லவேளை என்று நினைத்தேன். இல்லையென்றால் எதைப் படிப்பது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. தேர்வு விவரக் கையேட்டை மட்டும் ஃபோனில் திறந்தேன். அது பாடப் புத்தகம் அல்ல என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏற்கெனவே இருமுறை படித்ததுதான். எஞ்சினியரிங்குக்கு இரண்டு தாளும் கட்டாயம் என்ற வரியோடு, எல்லோருக்கும் அதுதான் போலும் என்று நின்றுவிட்டிருக்கிறேன். பல பக்கங்கள் தள்ளி ஒரு கட்டத்துக்குள் தீதி சொன்னது அப்படியே இருந்தது. யார் மேலும் குறை இல்லை. கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை, அதே பரீட்சைதான். கணவர் சொன்னபடிதான் செய்தேன், எனக்குச் சரி என்று பட்டதைத்தான் வாங்கினேன்.

கணவர் வந்ததும் சொன்னேன்.

"நாலு மாசமா?" என்றார்.

"நாலு மாசம்."

"என்கிட்டயாவது இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்லா?" என்றவர், தானே நிறுத்தி, "கேட்டாலும் நான் என்னத்தச் சொல்லியிருப்பேன்" என்று கை கழுவப் போனார்.

தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை. இந்தத் தடவை பட்டியல் எழுதவில்லை. நேராகக் கடைக்குப் போய்க் கேட்டேன். தீதி மாத்திரை அட்டையைக் கத்திரித்துக்கொண்டே, "இருக்கற ரெண்டு புத்தகம் போதும். பத்து வருஷத்துக் கேள்வித்தாள் வாங்கிப் போட்டுப் பாரு. மத்தபடி என்னைப் பாடம் சொல்லிக்குடுன்னு கேட்காதே. எனக்கு இப்ப எத்தனை மில்லின்னு மட்டும்தான் ஞாபகம் இருக்கு" என்றார். அப்படியும் மனசு கேட்காமல், ஜெராக்ஸ் கடையில் 'சஜெஷன்' என்று விற்கும் தாள்களையும் வாங்கினேன். இந்த இந்தக் கேள்விதான் வரும் என்று ஊகித்து எழுதியவை அவை. இரண்டு கடைச் சஜெஷன்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அதன் பிறகு அவற்றைத் தொடவில்லை.

தேர்வன்று கணவர் விடுப்பு எடுத்து மகளைப் பார்த்துக்கொண்டார். நான் மதியம் போனால் போதும். ஆனால் காலையிலேயே போய்விட்டேன். தீதி சொன்னது தவறாக இருந்தால்? கையேட்டை நான் மறுபடியும் தப்பாகப் படித்திருந்தால்? இந்தப் பயத்தில்தான் கணக்குத் தேர்வறையில் போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். பலருடைய நெற்றியில் தயிர்ப் பொட்டு காய்ந்திருந்தது. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது இங்கே அம்மாக்கள் வைத்து அனுப்புவது. எனக்குப் பதினொரு கணக்குகள் வந்தன. போட்டேன். அவற்றை என் ரேங்குக்கு யாரும் எண்ணப் போவதில்லை. இருந்தாலும் ஒவ்வொன்றையும் இருமுறை சரிபார்த்தேன்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரேங்க் பெரிதாக ஒன்றுமில்லை. தெற்கே லோக்கல் ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. இப்போது அங்கேதான் படிக்கிறேன். வகுப்பில் எனக்குப் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஆனால் அன்று மதியம் இதில் எதுவும் எனக்குத் தெரியாது.

இரண்டு தாளுக்கும் நடுவே, பள்ளி மைதானத்து மர நிழலில் ஒவ்வொரு பிள்ளையைச் சுற்றியும் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. லூச்சிப் பூரி, உருளைக்கிழங்கு, சந்தேஷ் இனிப்பு. நான் ஓரமாக உட்கார்ந்து தயிர்சாத டப்பாவைத் திறந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா தன் மகனுக்குக் கைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். அவன் வாயில் லூச்சியும் கையில் குறிப்பேடுமாக இருந்தான்.

"உங்க பிள்ளை எங்கே? கணக்கு எப்படிப் பண்ணிச்சாம்?" என்று என்னைக் கேட்டார்.

இந்த முறை தங்கச்சி வரவில்லை. "நான்தான் எழுதறேன்" என்றேன்.

அவர் விசிறி நின்றது. என் கழுத்தையும் கையில் இருந்த அட்மிட் கார்டையும் பார்த்தார். வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். மூன்று வயது என்றேன். யாரிடம் விட்டு வந்தாய் என்றார். சொன்னேன்.

"நெத்தியில தயிர் வைக்கலையா?"

"எங்க ஊர்ல அந்த வழக்கம் இல்ல."

அவர் என் டப்பாவை எட்டிப் பார்த்தார். "அதுலதான் தயிர் இருக்கே... ஐயோ, கடுகெல்லாம் போட்டிருக்கு" என்று சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு நான் யாரிடமும் பேசியிருக்கவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் வாசலை நோக்கி ஓடினார்கள். அவருடைய மகன் எங்கள் இருவரையும் தாண்டிப் படியேறிவிட்டான். நானும் எழுந்து ஓடினேன். பாதிப் படியில் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. மகனைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவர் விசிறியை நீட்டிக் காட்டியது என்னை.

"ஏ பொண்ணே! இயற்பியல முதல்ல தொடாதே! நேரத்தைத் தின்னுடும்! வேதியியல முடிச்சுட்டு வா!"

உள்ளே போய் உட்கார்ந்தேன். கேள்வித்தாள் வந்தது. அவர் யார், என்ன படித்தவர், சொன்னது சரியா என்று எதையும் யோசிக்கவில்லை. நேராக வேதியியல் பக்கத்தைப் புரட்டி முதல் கேள்வியைப் படித்தேன்.